யாகிமோவ் நகரை மேலிருந்து கீழாகப் பார்ப்பது எப்படி

செக் குடியரசின் வடமேற்கில், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தை ஒட்டி நிற்கும் க்ருஷ்னே மலைத்தொடரின் தென்சரிவில், ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் நீளவாக்கில் அமைந்த சிற்றூர் யாகிமோவ். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூரில் இன்று மூவாயிரத்துக்கும் குறைவானோரே வசிக்கின்றனர். பள்ளத்தாக்கின் கீழ்முனையில் ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த நீரில் நீராட்டுச் சிகிச்சை நடக்கும் விடுதிகளும், மேல்முனையில் பழைய நகரமும் சுரங்கமும் இருக்க, இரண்டையும் ஒரே நெடுஞ்சாலை இணைக்கிறது. வருவோரில் பலர் கீழே இறங்கி, பெரிய விடுதியைப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகின்றனர். அப்படிப் பார்த்தால் இந்த ஊர் விளங்காது. முதலில் மேலே போய்விட்டு, நடந்தே கீழே இறங்குங்கள். சிகிச்சைக்கான நீரும் மேலேயுள்ள சுரங்கத்திலிருந்து குழாய் வழியாக அதே திசையில்தான் விடுதிகளுக்கு வருகிறது. ஊரின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றையும் ஏறக்குறைய அந்த வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

தலைநகர் பிராகாவிலிருந்து கார்லோவி வாரி என்ற நீராட்டு நகரம் வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் செல்ல வேண்டும். யாகிமோவுக்கு ஒருகாலத்தில் இருந்த ரயில் கிளைப்பாதை 1957இல் மூடப்பட்டுவிட்டதால் இப்போது பேருந்தோ காரோதான் வழி. மலையுச்சி நோக்கிச் செல்லும் பேருந்து என்றால் கீழ்ப்பகுதியில் இறங்கிவிடாமல் மேல் நகரத்துக்கே சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோடையிலும் மாலையில் குளிரும். சுரங்கத்துக்குள் ஆண்டு முழுவதும் குளிர்தான். கனமான மேலாடையும் வழுக்காத காலணியும் அவசியம். மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே நடந்து பார்ப்பதற்கு ஏற்றவை. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களுக்குக் குறை இருக்காது. ஆனால் அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நடையைத் தேவாலயத்துக்கு மேலே உள்ள ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தின் வாயிலில் தொடங்குங்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளிக்காகத் தோண்டப்பட்ட இது, இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் மிகப் பழைய சுரங்கங்களுள் ஒன்று. இப்போது இங்கிருந்து வெளிவருவது நீர் மட்டுமே. சுமார் 500 மீட்டர் ஆழத்தில், 12ஆம் தளத்தில் ஊறும் வெதுவெதுப்பான கதிரியக்க ஊற்றுகளின் நீரை மேலேற்றிக் கீழ்ப்பகுதிக்கு அனுப்புகின்றனர். இது சுற்றுலாப் பயணிகள் இறங்கிப் பார்ப்பதற்கான சுரங்கம் அல்ல. அதற்கு மாற்றாக, 1950களில் யுரேனியம் தேடிக் குடையப்பட்ட ‘முதலாம் எண் சுரங்கவழி’ பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. நீளம் அதிகமில்லை, ஆயினும் மரச்சட்டங்களுக்கு நடுவே, தலைக்கவசத்துடன் வழிகாட்டியின் பின்னால் செல்லும்போது, இங்கே வேலை செய்தவர்களின் நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பது ஓரளவு புரியும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியதை விரைந்து கடந்துவிடாதீர்கள். 1945 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியா செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இங்குள்ள யுரேனியம் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. அதைத் தோண்ட ஆள் போதாமல், 1949 முதல் கம்யூனிஸ்ட் அரசு தன் அரசியல் கைதிகளைக் கொண்டுவந்து நிரப்பியது. ஸ்வோர்னோஸ்ட், ரோவ்னோஸ்ட், எடுவார்ட், ப்ராத்ர்ஸ்த்வி என்று மலைச்சரிவெங்கும் முகாம்கள் எழுந்தன. பாதிரியார்கள், விவசாயிகள், முன்னாள் படைவீரர்கள், மாணவர்கள் எனப் பல்லாயிரம் பேர் 1961 வரை இவற்றில் அடைபட்டிருந்தனர். ஸ்வோர்னோஸ்ட் முகாமையும் சுரங்கத்தையும் இணைத்த செங்குத்தான படிக்கட்டில், இருபுறமும் முள்வேலி சூழ, பனிக்காலத்திலும் ஏறி இறங்கினர். முகாமிலிருந்து தொலைவில் வேலை இருந்தால், ஐவர் ஐவராக நெருக்கி நிறுத்தப்பட்ட கூட்டம் முழுவதையும் சுற்றி ஓர் எஃகுக் கம்பிவடத்தால் இறுக்கிக் கட்டி நடத்திச் சென்றனர். ஒருவர் தடுக்கினால் எல்லாரும் தடுமாறுவர். கைதிகள் இதற்கு ‘யாகிமோவ் பேருந்து’ என்று பெயர் வைத்திருந்தனர். ‘யாகிமோவ் நரகம்’ எனப்படும் கல்விநடைப் பாதை இந்த இடங்களை இணைக்கிறது. அதை முழுதாக நடக்க அரை நாள் ஒதுக்க வேண்டும். ஒரே நாள் மட்டும் இருந்தால், படிக்கட்டுப் பகுதியையாவது ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து இறங்கினால் புனித யோவாக்கிம் தேவாலயமும், சரிவாக நீளும் நகரச் சதுக்கமும் வரும். ஊரின் பழைய செல்வம் இங்கே தெரியும். 1516இல் ஷ்டெபான் ஷ்லிக் என்ற பிரபு நிறுவிய குடியிருப்பு, வெள்ளி மோகத்தால் ஒரே தலைமுறையில் 18,000 பேர் வாழும் நகராகி, இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவில் பிராகாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. 1520 முதல் ஷ்லிக் குடும்பம் இங்கே பெருமளவில் வெளியிட்ட கனத்த வெள்ளி நாணயத்தின் ஒருபுறம் புனித யோவாக்கிமும் மறுபுறம் பொஹீமியச் சிங்கமும் இருந்தன. ஊரின் ஜெர்மன் பெயரையொட்டி ‘யோவாக்கிம்ஸ்தாலர்’ என்றும், சுருக்கமாகத் ‘தாலர்’ என்றும் வழங்கிய அதுவே பின்னாளில் டாலர் என்ற பெயருக்கு மூலம். லாபத்தைக் கண்ட அரசர் முதலாம் ஃபெர்டினாண்ட் 1528இல் நாணய உரிமையைப் பறித்துக்கொண்டார். அவர் காலத்தில் கட்டப்பட்ட அரச நாணயச்சாலைதான் சதுக்கத்தில் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. யாகிமோவில் ஓர் அருங்காட்சியகத்துக்கு மட்டுமே நேரம் இருக்கிறது என்றால் இதையே தேர்ந்தெடுங்கள். கனிமங்களும் நாணயங்களும் நீராட்டு வரலாறும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும்.

தேவாலயம் லூத்தரன் (புராட்டஸ்டண்டு) வழிபாட்டுக்காகவே கட்டப்பட்ட தொடக்ககாலக் கட்டடங்களுள் ஒன்று. ஆனால் 1873இல் நகரைச் சூறையாடிய தீயில் அதன் உள்ளணிகள் அழிந்துபோயின. அதன் அருகே கைதிகளின் நினைவுச்சின்னம் நிற்கிறது. சதுக்கத்து வீடுகளின் வாசல்களைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலே சாந்து உதிர்ந்து சன்னல் இல்லாமல் நிற்கும் வீட்டிலும், கீழே பதினாறாம் நூற்றாண்டின் செதுக்கிய கல்நிலை அப்படியே இருக்கும். 1945க்குப் பின் இங்கிருந்த ஜெர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டதும், வந்து நிறைந்த சுரங்கத் தொழிலாளர்கள் யுரேனியம் தீர்ந்ததும் கலைந்துபோனதும் இந்தப் பாழுக்குக் காரணம். புதுப்பிக்கப்பட்ட வீடும் இடிந்த வீடும் அடுத்தடுத்து நிற்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அழகாகச் சாயம் பூசிய நீராட்டு நகரங்கள் சுற்றிலும் வேண்டிய அளவு உள்ளன.

கீழே இறங்கும் வழியில் நினைவில் கொள்ள வேண்டியது ஒரு செய்தி. வெள்ளி வற்றியபின் இங்குள்ள கருநிறப் பிட்ச்பிளெண்டு தாதுவிலிருந்து, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமேற்றும் யுரேனியச் சாயம் தயாரித்தனர். சாயம் எடுத்தபின் எஞ்சிய கழிவை எவரும் மதிக்கவில்லை. தாதுவின் கதிர்வீச்சு அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்குப் பொருந்தாமல் மிகுந்திருப்பதைக் கண்ட மேரி கியூரி, அதில் வேறொன்று ஒளிந்திருக்க வேண்டும் என்று கருதினார். பொலோனியமும் ரேடியமும் 1898இல் அறிவிக்கப்பட்டன. ரேடியத்தைப் பிரித்தெடுக்க உதவியது யாகிமோவிலிருந்து பாரிசுக்குப் போன அந்தக் கழிவுதான்.

இதன் தொடர்ச்சியாகவே 1906இல் ரேடான் நீராட்டு தொடங்கி, 1912இல் ‘ரேடியம் பேலஸ்’ விடுதி எழுந்தது. கியூரி அம்மையாரே 1925இல் இங்கு வந்தார். தங்காவிட்டாலும் முன்முற்றத்தையும் பூங்காவையும் சுற்றிப் பார்க்கலாம். கார்லோவி வாரியைப் போலக் கோப்பையும் கையுமாக ஊற்றுநீரைக் குடித்துக்கொண்டு திரியும் வழக்கம் இங்கே கிடையாது. இந்நீர் குளிப்பதற்கு மட்டுமே. மூட்டு, முதுகுத்தண்டு, நரம்பு நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த பின்பே தொட்டியில் இறக்குவர். ரேடான் வாயு கலைந்துவிடாமல் இருக்கத் தொட்டியை அடியிலிருந்து நிரப்பி, சுமார் 20 நிமிடம் அசையாமல் படுத்திருக்கச் சொல்வர். கர்ப்பிணிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் இச்சிகிச்சை தரப்படுவதில்லை. பழைய சுரங்கத் தொழிலாளர்களை இளவயதிலேயே கொன்ற நுரையீரல் நோய்க்கு, ஆண்டுக்கணக்கில் அவர்கள் மூச்சிழுத்த அதே ரேடான்தான் காரணம். சிகிச்சையில் உடலில் சேரும் அளவு மிகக் குறைவு என்பது மருத்துவர்களின் விளக்கம். ஆகவே வேடிக்கைக்காக ஒருமுறை குளித்துப் பார்க்கலாம் என்று வருவதைவிட, தேவையுள்ளவர்கள் தம் மருத்துவரிடம் பேசிவிட்டு முழுச் சிகிச்சைக்கு வருவதே முறை.

இரண்டாம் நாள் இருந்தால், 1,244 மீட்டர் உயரமுள்ள க்ளீனோவெட்ஸ் சிகரத்துக்கு நாற்காலித் தொங்குவண்டியில் ஏறலாம். க்ருஷ்னே மலைத்தொடரில் இதுவே உயரமானது. மழை என்றால் அதை விட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஒஸ்ட்ரோவ் அருகே விக்மனோவில் இறங்கி, கைதிகள் யுரேனியத் தாதுவை நொறுக்கிப் பீப்பாய்களில் அடைத்த செங்கல் கோபுரத்தைப் பாருங்கள். ‘சிவப்பு மரணக் கோபுரம்’ என்று அழைக்கப்படும் இது, யாகிமோவின் சுரங்க நிலப்பரப்போடு சேர்த்து 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கிருந்து கார்லோவி வாரிக்குத் திரும்ப ஒஸ்ட்ரோவில் பேருந்தும் ரயிலும் கிடைக்கும்.