பொய்யைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிந்து எழுதுவது எப்படி?

ஒருவர் கூறியது உண்மையன்று என ஆங்கிலத்தில் எழுத முற்படும் தொடக்கநிலையினர், பெரும்பாலும் 'லை' (lie) என்னும் ஒரே சொல்லைக் கையாள்கின்றனர். அச்சொல் கூற்றை மறுப்பதோடு நில்லாமல், கூறியவர்மீது குற்றமும் சாட்டிவிடுகிறது. பழைய கார் ஒன்றை விற்பவர், "இதன் எஞ்சின் ஒருமுறைகூடப் பழுதுபார்க்கப்பட்டதில்லை" என்று சொன்னதாகவும், அது உண்மையன்று எனத் தெரியவந்ததாகவும் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கூற்றை மட்டும் எடைபோடுங்கள். எஞ்சின் பழுதுபார்க்கப்பட்டது விற்பவருக்குத் தெரியுமா என்பது உறுதியில்லை எனில், 'ஃபால்ஸ் ஸ்டேட்மென்ட்', அதாவது உண்மைக்கு மாறான கூற்று, என்று எழுதுவதே பாதுகாப்பானது. 'ஃபால்ஸ்ஹுட்' என்பது தவறான கூற்றையும் வேண்டுமென்றே சொன்ன பொய்யையும் குறிக்கக்கூடியது என்பதால், ஐயம் உள்ள இடத்தில் அதைத் தவிர்க்கலாம்.

இரண்டாம் படி: தெரிந்தே சொன்னாரா என்று கேளுங்கள். ஆம் எனில் 'லை' பொருந்தும். நாம் 'பொய் சொன்னார்' என்பதை அப்படியே மாற்றி 'செய் எ லை' (say a lie) என்று எழுதுவது பிழை. 'டெல் எ லை' (tell a lie) என்பதே வழக்கு. அற்பமான பொய் 'ஃபிப்'. உண்மை உரைப்பதாக நீதிமன்றத்தில் உறுதியேற்றபின் தெரிந்தே சொல்லும் பொய் 'பெர்ஜுரி'.

மூன்றாம் படி: கேட்டவர் என்ன ஆனார் என்று பாருங்கள். "இந்த ஆண்டு எஞ்சின் ஒரு தொல்லையும் தரவில்லை" என்பது முழு உண்மையாக இருந்தும், சென்ற ஆண்டின் பழுதை மறைத்தால் அது 'மிஸ்லீட்', அதாவது தவறாக எண்ணச் செய்தல், ஆகும். நோக்கமின்றியும் இது நிகழலாம். கேட்டவர் நம்பி ஏமாந்தால்தான் 'டிசீவ்' என்பது நிறைவுறும். அவர் நம்பாவிட்டாலும் 'லை' லையாகவே இருக்கும்.

நான்காம் படி 'மிஸ்ரெப்ரசென்டேஷன்'. பொறுமையாகக் கற்க வேண்டிய சொல் இதுவே. அன்றாட வழக்கில் ஒருவரது கருத்தைத் திரித்துரைப்பதை இது குறிக்கிறது. ஒப்பந்தச் சட்டத்திலோ, மற்றவரை ஒப்பந்தத்திற்கு இணங்கச் செய்த, உண்மைக்கு மாறான கூற்று என்னும் வரையறுத்த பொருள் இதற்கு உண்டு. வெறும் கருத்தோ விற்பவரின் பொதுவான புகழ்ச்சியோ பெரும்பாலும் இதில் அடங்காது. இங்கே பொய் என்பது கட்டாயமில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் டெர்ரி எதிர் பீக் வழக்கில், நீராவியால் டிராம் ஓட்டும் உரிமை தங்களுக்கு உண்டு என்று பங்கு வெளியீட்டு அறிக்கையில் உண்மைக்கு மாறாகக் கூறிய டிராம் நிறுவன இயக்குநர்கள் அதை நேர்மையாக நம்பியிருந்ததால், அது மோசடி, அதாவது 'ஃபிராட்', ஆகாது என்று அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை 1889இல் தீர்ப்பளித்தது. பொய்யென அறிந்தோ, உண்மையென நம்பாமலோ, உண்மையா பொய்யா என்று பொருட்படுத்தாமலோ சொன்னால்தான் மோசடி என அத்தீர்ப்பு வகுத்தது. பின்னர் 1967ஆம் ஆண்டின் மிஸ்ரெப்ரசென்டேஷன் சட்டம், தம் கூற்றை நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தது என்று மெய்ப்பிக்க இயலாதவரையும் இழப்பீட்டிற்குப் பொறுப்பாக்கியது. ஆகவே நம் விற்பனையாளர் பொய்யராக இல்லாமலேயே மிஸ்ரெப்ரசென்டேஷன் செய்தவராக இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: ஆவணங்களுக்கு வேறு சொற்கள் உள்ளன. ஓடிய தூரம் பதிவான ஏட்டில் எண்ணைத் திருத்தினால் 'ஃபால்சிஃபை'. நடக்காத சர்வீசுக்குப் புதிதாக ஒரு ரசீதை உருவாக்கினால் 'ஃபேப்ரிகேட்'.