தோட்டப் பட்டணத்தில் குவில்ட்: வகுப்பு நடத்துவதும் கண்காட்சிக்கு அனுப்புவதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் குவில்ட்டை, அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஒன்றாகத் தைக்கும் வேலையை, நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டால், வகுப்பு இருந்தால் முடியும். கண்காட்சி பேர் வாங்கித் தரும். மாதச் செலவைப் பார்ப்பது வகுப்புதான். பேர் இல்லாவிட்டால் வகுப்புக்கு ஆள் வராது என்பதால் இரண்டும் வேண்டும். ஆனால் துணி, நேரம், கணக்கு மூன்றையும் ஆரம்பத்திலேயே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். வகுப்புக்குத் தைத்த மாதிரியைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டுமே சரியாக அமைவதில்லை. மாதிரித் துண்டு பலர் கைபட்டு, இழுபட்டு, திருப்பித் திருப்பிப் பார்க்கப்பட்டுப் பழசாகும். அதற்காகத்தான் அது இருக்கிறது.

எப்போது, எங்கே

முதலில் வந்து சேருபவர்கள் ஏற்கெனவே ரவிக்கை தைக்கும் பெண்களாகத்தான் இருப்பார்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே அவர்கள் கையில் ஆர்டர் குவிந்துவிடும். அந்தச் சமயத்தில் வகுப்பு வைத்தால் பாதி நாற்காலி காலியாக இருக்கும், வந்தவர்களும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். தைப்பூசம் முடிந்த பிறகு ஒரு குழு, ஆண்டின் நடுவில் ஒரு குழு என்று வைப்பதே நல்லது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தையும் உங்கள் கண்காட்சி வேலைக்கு ஒதுக்குங்கள்.

பிற்பகல் மூன்று மணி வகுப்பு வீட்டுப் பெண்களுக்கு வசதி. அதே நேரத்தில்தான் இடியும் மழையும் வரும், கரண்டும் போகும். அதற்கு ஒரு கைத்தையல் பாடம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கர்நாடகத்துச் சித்தி மக்களின் கவந்தி முறை இதற்கு மிகவும் பொருத்தம். ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்து, ஓட்டுத்தையலிலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மெஷின் தேவையில்லை, அளவுகோல் கூட வேண்டாம். ஊசி, தடித்த நூல், பழைய துணி போதும்.

கோயில் மண்டபமோ பள்ளி மண்டபமோ எடுத்தால் முதலில் பிளக்குகளை எண்ணுங்கள். ஒரு 13 ஆம்ப் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். இஸ்திரிப் பெட்டி ஒன்றே 1,600 முதல் 2,400 வாட் வரை இழுக்கும். ஒரே எக்ஸ்டென்ஷனில் இரண்டு பெட்டியைப் போட்டால் பியூஸ் போகும், இல்லையென்றால் வயர் சூடாகும். ஒவ்வொரு பெட்டிக்கும் சுவரில் தனிப் பிளக் கொடுங்கள். தையல் மெஷின்கள் 100 வாட் அளவில்தான் எடுக்கும் என்பதால் நான்கை ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டலாம். விருந்துக்குப் போடும் மடக்கு மேசை 29 அங்குல உயரம்தான். அதில் குனிந்து துணி வெட்டினால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேசையின் ஒவ்வொரு காலுக்கடியிலும் நடுவில் குழி எடுத்த மரக்கட்டை வைத்து 36 அங்குலத்துக்கு உயர்த்துங்கள்.

ஒரு குழுவுக்கு ஆறு பேர் போதும். எட்டுப் பேர் ஆனால் யாராவது ஒருவர் தவறாகத் தைத்த வரிசையை நீங்கள் பார்ப்பதற்குள் அடுத்த வரிசையையும் சேர்த்திருப்பார்.

முதல் பாடத்துக்கு 24 அங்குலத் துண்டு

சுவரில் மாட்டவோ மேசையில் விரிக்கவோ ஆகும் அளவு இது. மூன்று மணி நேர வகுப்பு நான்கில் முடியும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம் சேர்த்த கட்டம் நான்கு, சுற்றிலும் 3 அங்குல பார்டர். குவில்ட்டில் அளவெல்லாம் அங்குலத்தில், கடையில் துணி மீட்டரில். இந்தக் கணக்கைப் பலகையிலேயே எழுதிப் போடுங்கள். ஒருவருக்கு வேண்டியவை:

- அடர் நிறப் பருத்தி கால் மீட்டர்: மூன்றரை அங்குலச் சதுரம் 20
- வெளிர் நிறப் பருத்தி கால் மீட்டர்: அதே சதுரம் 16
- பார்டருக்கும், விளிம்பை மூடித் தைக்கும் ஓரப்பட்டைக்கும் ஒரே துணி அரை மீட்டர்: மூன்றரை அங்குலப் பட்டை 3, இரண்டரை அங்குலப் பட்டை 3
- அடித்துணியும் நடுப்பஞ்சும் முக்கால் மீட்டர்: இரண்டிலும் 28 அங்குலச் சதுரம் ஒன்று

இது 42 அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள துணிக்கான கணக்கு. பட்டைகளை நீங்களே வெட்டிப் பொட்டலமாகக் கொடுங்கள். முதல் வகுப்பிலேயே ரோட்டரி கட்டரை (சக்கரம் போல உருண்டு வெட்டும் பிளேடு) கொடுத்தால் அந்த மூன்று மணி நேரமும் வெட்டுவதிலேயே போய்விடும். கட்டரை இரண்டாவது வகுப்பில் எடுங்கள். 45 மில்லிமீட்டர் பிளேடு போதும். வெட்டி முடித்த உடனே மூடச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் பிளேடு துருப்பிடிக்கும் என்பதால் துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு வையுங்கள். வெட்டும்போது அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் நெளிந்துபோகும், பிறகு நிமிராது.

ரவிக்கை தைத்துப் பழகியவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பிறகு பிரித்துப் பெரிதாக்க வேண்டும் என்பதற்காக உள்ளே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் விட்டே அவர்கள் கை பழகியிருக்கும். குவில்ட்டில் தையலுக்கு விடுவது கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மில்லிமீட்டர் போகும். பெரிய குவில்ட்டில் ஆறு கட்டம் கொண்ட வரிசையில் 18 சதுரம், 17 தையல் வரும். அந்தக் கணக்கில் வரிசை 34 மில்லிமீட்டர் குறைந்துவிடும். பக்கத்து வரிசையோடு மூலை சேராமல் நிற்பதற்கு இதுதான் காரணம், வெட்டியது அல்ல.

எனவே முதல் அரை மணி நேரம் பாடத்துக்கான சதுரங்களைச் சேர்க்கவிடாதீர்கள். ஒன்றரை அங்குல அகலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைக்கச் சொல்லி, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்கச் சொல்லுங்கள். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலுக்கு அதிகமாக விடுகிறார், கூடினால் குறைவாக விடுகிறார். ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மெஷின் தட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டிவிட்டால் துணி அதில் முட்டி நேராக ஓடும். வீட்டில் கிடக்கும் பழைய கறுப்புச் சிங்கர் மெஷின் இந்த வேலைக்குப் புதிய மெஷினைவிட நன்றாக இருக்கும். அதில் நேர்த்தையல் மட்டும்தான், அதுவும் ஆடாமல் வரும். துண்டு சேர்க்க 80/12 ஊசி, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்க 90/14.

இஸ்திரியை இழுத்துத் தேய்க்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்தால் கிராஸாக வெட்டிய துண்டு நீண்டுவிடும்.

பார்டர் அலை அலையாக வந்தால் ஓரத்தை அளந்து வெட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கையாண்டு கையாண்டு ஓரம் நீண்டிருக்கும். நடுவில் குறுக்காக அளந்து, அந்த அளவுக்கே பார்டரை வெட்டி, இரண்டு முனையிலும் நடுவிலும் குண்டூசி குத்தி, மிச்சத்தை அதற்குள் அடக்கித் தைக்க வேண்டும்.

என்ன துணி

நம் வீடுகளில் நல்ல பருத்தி கிடக்கிறது. பழைய சேலை, வேட்டி, பாத்தேக் சாரோங். சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விலகி வெளிச்சம் தெரியும் இடத்தைச் சேர்க்காதீர்கள். உட்காரும் பகுதிதான் முதலில் தேயும், முந்தானைப் பக்கம் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். தேய்ந்த துணியையும் புதிய கனத்த துணியையும் அடுத்தடுத்து வைத்தால் புதியது பழையதைத் தையலோரத்தில் கிழித்துவிடும்.

பருத்தியா என்று சந்தேகம் வந்தால் நான்கு இழை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையாக இறுகினால் பாலியஸ்டர் கலந்தது, அதை வகுப்பில் பயன்படுத்த வேண்டாம்.

சாயத்தைத் துணியை வெட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். சிவப்பு, கருநீலம், பாத்தேக் மூன்றையும் நம்பாதீர்கள். வெள்ளைத் துணித்துண்டோடு வெந்நீரில் சோப்புப் போட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். வெள்ளை கறைபட்டால், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தெளியவே இல்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள். உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்தும் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. ஏற்கெனவே சாயம் ஏற்றிய பருத்தியில் அது பலிக்காது.

நடுப்பஞ்சில் தடிமனான பாலியஸ்டர் மலிவு, ஆனால் நம் வெப்பத்துக்குப் போர்த்த முடியாது, சுவரிலும் புடைத்துக்கொண்டு நிற்கும். சுவர் வேலைக்கு 80 விழுக்காடு பருத்தி, 20 பாலியஸ்டர் கலந்தது தட்டையாகத் தொங்கும். போர்வைக்குப் பழைய பருத்திச் சேலையையே நடுவில் இரண்டடுக்காக வைக்கலாம்.

மூன்றடுக்கையும் சேர்க்க ஒரு கையகலத்துக்கு ஓர் ஊக்கு. ஊக்கோடு வாரக்கணக்கில் அலமாரியில் வைத்தால் துரு இறங்கிப் பழுப்புப் புள்ளி விழும், அது போகாது. உடனே தைக்க நேரம் இல்லை என்றால் ஊக்கு வேண்டாம், நீளத்தையலால் தற்காலிகமாகச் சேர்த்து வையுங்கள்.

கண்காட்சிக்குத் தயார் செய்வது

கடைசித் தையலுக்குப் பிறகுதான் பாதி வேலை இருக்கிறது. அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே தையலை நிறுத்திவிடுங்கள்.

முதலில் நிமிர்த்துவது. நனைத்து, டவலில் சுருட்டி நீரை எடுத்து, தரையில் சுத்தமான துணிமேல் விரித்து, எதிரெதிர் மூலைகளை அளந்து இரண்டும் சமமாக வரும்வரை தட்டி இழுங்கள். காற்றாடியின் கீழ் முழுதாகக் காயட்டும். நடுவில் நெருக்கமாகவும் பார்டரில் அகலமாகவும் குவில்ட் தையல் போட்டிருந்தால் எவ்வளவு நிமிர்த்தினாலும் ஓரம் நெளியும். தையல் நெருக்கத்தை எங்கும் ஒரே மாதிரி வைத்தால்தான் தட்டையாகத் தொங்கும்.

அடுத்தது பின்பக்கத்தில் மாட்டும் கம்பி நுழையும் துணிக் குழாய். பெரும்பாலான கண்காட்சிகள் 4 அங்குலக் குழாய் கேட்கும். 9 அங்குல அகலம், குவில்ட்டின் அகலத்துக்குச் சமமான நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். இரண்டு முனையையும் மடித்துத் தைத்தால் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே அடங்கும். நீளவாக்கில் இரண்டாக மடித்துக் கால் அங்குலத்தில் தைத்துக் குழாயாக்குங்கள். மேல் ஓரத்தை ஓரப்பட்டைக்குச் சற்றுக் கீழே கையால் தையுங்கள். கீழ் ஓரத்தைத் தைக்கும் முன் குழாயின் வெளியடுக்கை அரை அங்குலம் மேலே தள்ளித் தொய்வு விடுங்கள். தொய்வு இல்லாவிட்டால் கம்பியின் தடிமன் முன்பக்கத்தில் வரப்பு மாதிரி புடைத்துத் தெரியும். ஊசி அடித்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கம் வரக் கூடாது. மாட்டுவதற்கு அலுமினியக் கம்பி நல்லது. பூச்சு இல்லாத மரத்தின் அமிலமும் பிசினும் துணியில் இறங்கும்.

பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு, துணி வகை எழுதிய லேபிளைப் பின்பக்கம் கீழ் மூலையில் தைத்துவிடுங்கள். ஒட்டினால் கழன்றுவிடும்.

கண்காட்சிக்கு நீங்கள் அனுப்பும் படத்தைப் பார்த்துத்தான் தேர்வே நடக்கிறது. நேர் வெயில் படாத காலை வெளிச்சத்தில், குவில்ட்டின் நடு உயரத்துக்குக் கேமராவை வைத்து நேராக எடுங்கள். நான்கு ஓரமும் தெரியும் முழுப்படம் ஒன்று, தையல் தெரியும் நெருக்கப்படம் ஒன்று. வெட்டி எடுத்த படத்தில் ஓரம் மறைந்திருந்தால், ஓரம் கோணல் என்றுதான் நடுவர் நினைப்பார்.

மண்டபத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைக் கேட்காதீர்கள், வெயில் அங்கேதான் விழும். துணிக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்ச அளவு 50 லக்ஸ்தான். கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அருகிலிருக்கும் தேசிய ஜவுளி அருங்காட்சியகத்துக்குப் போனால், துணிகளை எப்படித் தொங்கவிடுகிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பார்வையாளர்கள் தொடுவார்கள், தடுக்க முடியாது. தொட்டுப் பார்க்கவென்றே ஒரு மாதிரித் துண்டைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

அனுப்பும்போது மடிக்காமல், பருத்தித்துணி சுற்றிய, 4 அங்குலத் தடிமனுள்ள கெட்டியான குழாயின்மேல் முன்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டுங்கள். திரும்பி வந்ததும் காற்றில் வாங்கிய ஈரத்தோடு அலமாரிக்குள் போகக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சைதான். கஞ்சி போட்ட துணிக்கு வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் தேடி வரும், எனவே வெட்டும்போது போட்ட கஞ்சியை அலசி எடுத்த பிறகே வையுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது.

விலையும் கணக்கும்

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), மணிக்கு 8.72 வெள்ளி. அதற்குக் கீழே உங்கள் மணிக்கணக்கைப் போடாதீர்கள். வகுப்புக்கு வெட்டிப் பொட்டலம் கட்டும் நேரமும் மணிக்கணக்கில் சேரும். துணிக்காசைக் கட்டணத்தோடு சேர்க்காமல் தனியாக வாங்குங்கள். இல்லையென்றால் துணி விலை ஏறும்போது உங்கள் கூலிதான் குறையும்.

ஒரு குவில்ட்டுக்குத் துணி, பஞ்சு, நூல் 180 வெள்ளி, 90 மணி நேரம், மணிக்கு 12 வெள்ளி என்று வையுங்கள். மொத்தம் 1,260. காட்சிக்கூடம் 30 விழுக்காடு எடுத்தால் 1,260 மேல் 30 விழுக்காடு கூட்டி 1,638 என்று விலை போடுவதுதான் எல்லோரும் செய்வது. அதில் 30 விழுக்காட்டை அவர்கள் எடுத்தால் கையில் வருவது 1,147 வெள்ளிக்கும் குறைவு. 1,260-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். விலை 1,800.

வகுப்பு தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம் என்னும் மலேசிய நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிந்துவிடுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. குவில்ட்டைக் கூடத்தில் ஒப்படைக்கும் அன்றே விலை, அவர்கள் பங்கு, பணம் தரும் தேதி, அழுக்கானாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு என்பதை எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து இல்லாத இடத்தில் குவில்ட்டை விட்டுவிட்டு வராதீர்கள்.