மறுசுழற்சி பற்றி டிசைன் புராஜெக்ட் செய்கிறீர்களா?

பழைய பிரசார போஸ்டர்களைச் சேகரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். குப்பைத்தொட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எதில் போடுவது என்று ஒருவர் தயங்குகிறாரே, உங்கள் டிசைனுக்கு வேலை அங்கேதான். பாட்டிலுக்கு வட்டத் துளை, காகிதத்துக்கு நீளமான பிளவு என்று மூடியின் வடிவமே பாதி சேதியைச் சொல்லிவிடும். அதையும் படம் பிடித்து வையுங்கள்.

மறுசுழற்சியைக் குறிக்கும் மூன்று அம்புக்குறிச் சின்னத்தை 1970இல் ஒரு போட்டிக்காக வரைந்த கேரி ஆண்டர்சனும் அப்போது மாணவர்தான், அந்த வரலாற்றைத் தேடிப் படியுங்கள். ஆனால் பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்லும். அது மறுசுழற்சிக்குப் போகும் என்று அர்த்தமில்லை. போஸ்டரில் அதைப் போடும்முன், எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று குப்பை சேகரிப்பவர்களிடமே கேட்டுவிடுங்கள்.