பலாச்சுளையைப் பங்கிடும் முன்

வைகாசியில் பண்ருட்டிப் பலாப்பழம் வந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதை அறுத்துத் தட்டில் சுளைகளை அடுக்கியதும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று குரல்கள் ‘அநியாயம்’ என்று கிளம்பும். சொல் ஒன்றுதான், நான்கு, எட்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அதற்குக் கொள்ளும் பொருள் வேறு வேறு. பங்கிடுபவர் முதலில் அதைக் காதில் வாங்க வேண்டும்.

நான்கு வயதில், தனக்குக் குறைந்தால் மட்டுமே அநியாயம். சமமாகக் கொடுக்க வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரிந்தும் கொடுக்கக் கை வராத வயது அது என்பதால், தட்டை அவனிடமே நீட்டிவிட்டுப் பிறகு சுயநலக்காரன் என்று ஏசுவது வீண். அவன் கண்முன்னே ஒவ்வொன்றாக எண்ணி வையுங்கள்.

எட்டு வயதில் சமம் என்பது பிடிவாதமாகிவிடுகிறது. சுவிட்சர்லாந்துக் குழந்தைகளை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், மூன்று நான்கு வயதினர் பெரும்பாலும் தமக்கே பார்த்துக்கொள்ள, ஏழு எட்டு வயதினரில் பெரும்பாலோர் ஏற்றத்தாழ்வு இல்லாத பங்கீட்டையே விரும்பினர். மிஞ்சிய ஒற்றைச் சுளையை ஒருவருக்குக் கொடுப்பதைவிடக் குப்பையில் போடலாம் என்றுகூட இவ்வயதினர் சொல்வார்கள். இங்கே ஒருவர் பிரிக்க, மற்றவர் முதலில் எடுப்பது நன்றாகப் பலிக்கும். கடைசியில் எடுக்க வேண்டியவள் தானே என்பதால், எங்கள் நடுவுள்ளவள் எண்ணிக்கையோடு நிற்காமல், கொட்டை பருத்த சுளை எது, சதை பருத்த சுளை எது என்று விரலால் அமுக்கிப் பார்த்து மாற்றி மாற்றி வைத்தாள்.

தனக்குக் கூடுதலாக வருவதை மறுக்கும் குணமோ எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வருவதில்லை. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், குறைவதை எதிர்ப்பது ஏழிலும் தென்பட்டது. கூடுவதை மறுத்தவர்கள் அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளின் மூத்த பிள்ளைகள் மட்டுமே. எனவே உங்கள் பிள்ளை கூடுதலை வாங்கிக்கொண்டு பேசாமலிருந்தால் அதைக் குணக்கேடு என்று முடிவுகட்ட வேண்டாம். (மளிகைக் கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் நாம் எத்தனை பேர் திருப்பிக் கொடுக்கிறோம்?)

பதின்வயதில் உழைப்பும் கணக்கில் சேர்கிறது. பிசினோடு மல்லுக்கட்டி அறுத்தவனுக்கும், அது முடியும்வரை தொலைக்காட்சி பார்த்தவனுக்கும் ஒரே பங்கு என்றால் பெரியவன் ஏற்கமாட்டான். அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் அறுத்து முடித்த பின் அறிவிக்கும் விதி, வேண்டியவருக்காக வளைத்ததாகவே மற்றவர்களுக்குத் தோன்றும். அறுப்பவருக்கு இரண்டு சுளை கூடுதல் என்பதைக் கத்தியை எடுக்கும் முன்பே சொல்லி, யார் அறுக்க வருகிறீர்கள் என்று மூவரையும் கேட்டுவிடுங்கள்.