நிலக்கரி கரண்ட் மலிவா? 25 வருஷக் கணக்கை நாமே போடுவது எப்படி

மும்பையில் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ சொசைட்டி மீட்டிங்கில் மொட்டை மாடியில் சோலார் போடலாமா என்று பேச்சை எடுத்தால், "நிலக்கரி கரண்ட் யூனிட் மூணு ரூபாய்க்கு உற்பத்தி ஆகுது, இதெல்லாம் எதுக்கு" என்று ஒரு மாமா கட்டாயம் கிளம்புவார். அது எந்த நிலையத்து மூணு ரூபாய் என்று கேளுங்கள், பதில் வராது. பேப்பரும் கால்குலேட்டரும் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம்.

முதலில் விலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று நிலையான செலவு, இன்னொன்று எரிபொருள். நிலையான செலவு என்பது கரண்ட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்ட வேண்டியது. நிலையம் 85% நேரம் ஓடத் தயாராக இருந்தால் போதும், முழுத் தொகையும் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம்.

புது நிலையம் கட்ட ஒரு மெகாவாட்டுக்கு 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். அதில் 7 கோடி கடன், 9% வட்டி என்றால் 63 லட்சம். மீதி 3 கோடி முதலீட்டுக்கு 15.5% லாபம், 46.5 லட்சம். தேய்மானம் ஒரு 53 லட்சம், பராமரிப்பும் சம்பளமும் ஒரு 22 லட்சம். மொத்தம் ஆரம்ப வருஷங்களில் சுமார் 1.85 கோடி.

இப்போதுதான் விஷயமே. நிலையம் 85% ஓடினால், அதன் சொந்த உபயோகம் 7% போக, வருஷத்துக்கு 69 லட்சம் யூனிட் விற்கலாம். நிலையான செலவு யூனிட்டுக்கு 2.67 ரூபாய். அதே நிலையம் 55% தான் ஓடுகிறது என்றால் 4.13 ரூபாய். ஒரு செங்கல் கூட மாறவில்லை! பகலில் சோலார் கரண்ட் பெருகப் பெருக நிலக்கரி நிலையங்களைப் பாதி வேகத்துக்கு இறக்க வேண்டியிருக்கிறது, அப்படி இறக்கி ஓட்டும்போது ஒரு யூனிட்டுக்கு எரியும் கரியும் கூடும். அதனால் 25 வருஷக் கணக்கில் முழு ஓட்டத்தைப் போடாதீர்கள், மூன்று நான்கு விதமாகப் போட்டுப் பாருங்கள்.

எரிபொருள் கணக்கு சுலபம். நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. டன் 2,000 ரூபாய்க்குக் கிடைத்தால் யூனிட்டுக்கு 1.40 ரூபாய், ரயில் கூலியெல்லாம் சேர்ந்து 4,500 ஆனால் 3.15. இதை நிலையான செலவோடு கூட்டினால்தான் முழு விலை. வருஷம் 4% ஏறினாலே 18 வருஷத்தில் இரட்டிப்பு, இதை மறக்காமல் சேர்க்கணும்.

இறக்குமதிக் கரி என்றால் இன்னும் உஷார். குஜராத்தின் முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலையத்துக்கு டாடா பவர் சராசரியாக யூனிட் 2.26 ரூபாய்க்கு ஏலம் எடுத்தது, மகாராஷ்டிரமும் வாங்குபவர்களில் ஒன்று. 2010-ல் இந்தோனேசியா கரி விலையைச் சர்வதேச விலையோடு கட்டிவிட, கணக்கு மொத்தமும் கவிழ்ந்தது. வெளிநாட்டுச் சட்டம் மாறியதைக் காரணம் காட்டி விலையை ஏற்ற முடியாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எல்லா ஒப்பந்தமும் இப்படி இறுக்கமாக இருக்காது. பெரும்பாலும் ஏற்றம் நம் தலையில்தான், பில்லில் எஃப்.ஏ.சி. (எரிபொருள் விலை ஏற்றத்துக்கான கட்டணம்) என்று ஒரு தொகை வருகிறதே, அதுதான்.

சரி, மாமா சொன்ன மூணு ரூபாய் பொய்யா? இல்லை. சிங்ரௌலி மாதிரி சுரங்கத்துப் பக்கத்திலேயே இருக்கும், கடன் எப்போதோ அடைந்துபோன பழைய நிலையங்களில் அதைவிடக் குறைவாகவே வரும். ஆனால் அந்த விலைக்குப் புது நிலையம் கட்ட முடியாது.

சோலாரோடு ஒப்பிடும்போது நீங்களும் அழுகுணி ஆட்டம் ஆடக்கூடாது. பகல் விலையை மட்டும் காட்டினால் மாமா விடமாட்டார். மும்பையில் சாயங்காலம் ஏழு மணிக்கும் ஏசி ஓடுகிறது, அதனால் பேட்டரியும் சேர்த்து வந்த டெண்டர் விலையை எடுங்கள். அப்புறம், இதெல்லாம் உற்பத்தி விலை. உங்கள் பில்லில் வீலிங் சார்ஜ் (கரண்டைக் கம்பி வழியாக வீடு வரை கொண்டு வரும் கூலி), வரி எல்லாம் ஏறித்தான் வருகிறது, அதனால் மாடி சோலாருக்கு லாபம் பார்க்க பில் விலையைத்தான் எடுக்க வேண்டும்.