14-ந்தேதி ஃபிளைட்டுக்கு 13-ந்தேதியே கிளம்பணும் சாமி

போன வாரம் அக்கா பையன மஸ்கட்டுக்கு அனுப்ப மெட்ராஸ் ஏர்போர்ட் போயிருந்தேன், அவனுக்கு முதல் தடவ. வெளிநாட்டு ஃபிளைட்டு கிளம்புற டி2 டெர்மினல் வாசல்ல நின்ன ஒரு மணி நேரத்துல நான் அந்தக் காலத்துல பண்ண அத்தனை கூத்தையும் நாலஞ்சு குடும்பம் என் கண்ணு முன்னாடியே பண்ணிச்சு. கட்டடம்தான் 2023-ல புதுசா தொறந்தாங்க, கூத்து பழசுதான். பாஸ்போர்ட்ட மறக்காதீங்கன்னு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க, அத நான் சொல்லப் போறதில்ல. எனக்கு வீடு வட சென்னைல காலடிப்பேட்டை, வேலை வெல்டிங், காண்ட்ராக்ட்ல கல்ஃபுக்கு போயி வந்துட்டு இருக்கிறவன். பட்டத மட்டும் எழுதுறேன்.

தேதி

2013. டிக்கெட்ல 14-ந்தேதி, 01:40-ன்னு போட்டிருக்கு. ஏஜென்ட்டு ஃபோன்ல சொன்னது, "14-ந்தேதி நைட்டு ஒன்னு நாப்பதுக்கு ஃபிளைட்டு தம்பி." அந்த "நைட்டு"ங்கற வார்த்தைதான் என்ன கவுத்துச்சு, இன்னிக்கு நெனச்சாலும் கடுப்பாவுது. 14-ந்தேதி பகல் பூரா சாவகாசமா இருந்தேன், மதியம் வீட்ல பிரியாணி, சாயங்காலம் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போயி குங்குமம் வாங்கி சட்டைப் பையில வெச்சுக்கிட்டு நைட்டு ஒம்போது மணிக்கு வேன்ல பதினோரு பேரு கிளம்புனோம்.

ஏர்போர்ட் வாசல்ல காவலுக்கு நின்ன சிஐஎஸ்எஃப்காரர் டிக்கெட்டையும் என் மூஞ்சையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு இந்தில ஏதோ சொன்னாரு. எனக்கு அதுல "கல்" மட்டும்தான் புரிஞ்சுது. கல்லுன்னா நாளைக்கு, அவ்ளோ இந்தி எனக்குத் தெரியும், சரி ஒரு நாள் முன்னாடியே வந்துட்டோம் போலன்னு சிரிச்சுக்கிட்டே வேன்ல ஏறப் போயிட்டேன். பின்னாடி நின்ன ஒருத்தர்தான் கூப்ட்டு, "தம்பி, இந்தில நேத்துக்கும் கல்லுதான், உங்க ஃபிளைட்டு நேத்து ராத்திரியே போயிடுச்சு"ன்னாரு.

புது டிக்கெட்டுக்கு அம்மாவோட செயின் அடகுக் கடைக்குப் போச்சு. அதோட முடிஞ்சுதா, இல்ல. போற ஃபிளைட்ட விட்டுட்டா அதே புக்கிங்ல இருக்கிற ரிட்டர்ன் டிக்கெட்டையும் பொதுவா கேன்சல் பண்ணிடுவாங்க, இது எனக்கு அப்பதான் தெரியும். ரெண்டு பக்கமும் போச்சு.

இதுல படிச்சவன் படிக்காதவன்னு இல்ல. நம்ம வீட்ல தேதி எப்ப மாறுது? காலைல எழுந்து காலண்டர் தாள கிழிக்கும்போதுதான். பஞ்சாங்கத்துலயே கிழமை பொழுது விடிஞ்சாதான் மாறும். செகண்ட் ஷோ விட்டு ஒரு மணிக்கு வந்து படுத்தாலும் "இன்னிக்கு படம் பாத்தேன்"னுதான் சொல்றோம். ஏர்லைன்காரனுக்கு 00:00 ஆச்சுன்னா மறுநாள், அவ்ளோதான். மெட்ராஸ்லேந்து வெளிநாடு போற ஃபிளைட்டு நெறைய நடுராத்திரிக்கு மேலதான் கிளம்புது, அதனால நமக்குத்தான் இந்த அடி ஜாஸ்தி. இன்னொன்னு, செக்-இன் கவுண்டர பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க, அப்போ 00:30 ஃபிளைட்டுக்கு கவுண்டர் மூடுறதே முந்தின நாள் கணக்குலதான்.

அக்கா பையன் என்ன பண்ணி வெச்சிருந்தான் தெரியுமா? வெள்ளி 02:10 ஃபிளைட்டுக்கு வெள்ளிக்கிழமை நைட்டு கேப் புக் பண்ணிட்டு, ஃப்ரெண்ட்ஸுக்கு வெள்ளி மதியம் ட்ரீட்டு வேற. புதன்கிழமை எதேச்சையா டிக்கெட்ட வாங்கிப் பாத்தேன், அதனால தப்பிச்சான். நான் இப்ப பண்றது இதான்: டிக்கெட்ல மணி 00-லேந்து 04-க்குள்ள இருந்தா காலண்டர்ல முந்தின நாள் தாள்ல ஸ்கெட்ச் பேனாவால "இன்னிக்கு நைட்டு கிளம்பணும்"னு எழுதிடுவேன். கூட்டிட்டு வரப் போறவங்களுக்கும் இதே கதைதான், துபாய்லேந்து மச்சான் வந்து எறங்கி ஒரு நாள் ஆனப்புறம் மாலையோட போயி நின்ன ஆளுங்களும் இருக்காங்க.

மெட்ரோ இருக்குல்லன்னு மெத்தனம்

2021 பிப்ரவரில விம்கோ நகர் வரைக்கும் நீல லைன் வந்ததுலேந்து நமக்கு ராஜயோகம்தான், திருவொற்றியூர், டோல்கேட், தண்டையார்பேட்டை எங்க ஏறுனாலும் மாறாம நேரா ஏர்போர்ட்டு, எவ்ளோ தூரம் போனாலும் டிக்கெட் 50 ரூபாய்க்கு மேல கிடையாது. ஹார்பர் கண்டெய்னர் லாரி வரிசைல மாட்டி கேப்ல உக்காந்து நகம் கடிக்க வேணாம். ஆனா வண்டி காலைல 5 மணிலேந்து ராத்திரி 11 மணி வரைக்கும்தான். 01:40 ஃபிளைட்டுக்கு நைட்டு ஒம்போது மணிக்கு ஏறுனா அருமை. காலைல 6 மணி ஃபிளைட்டுக்கு மெட்ரோவ நம்புனீங்கன்னா முடிஞ்சுது கதை.

பெரம்பூர், வியாசர்பாடி ஆளுங்க லோக்கல் ட்ரெயின்ல வந்து சென்ட்ரல்ல மெட்ரோ மாறுவாங்க, அவசரத்துல பச்சை லைன்ல ஏறிடறாங்க. அது கோயம்பேடு சுத்திக்கிட்டு பரங்கிமலைக்குப் போவும், ஆலந்தூர்ல எறங்கி மாறலன்னா பெட்டியோட மலையடிவாரத்துல நிக்க வேண்டியதுதான். மழை நாள்னா வியாசர்பாடி கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்கும், ரெண்டு மணி நேரம் சேத்துக் கிளம்புங்க. பீச் ஸ்டேஷன்லேந்து மின்சார ரயிலும் இருக்கு, திரிசூலத்துல எறங்குனா எதுத்தாப்ல ஏர்போர்ட். பெரிய பெட்டி ரெண்டு இருந்தா வேணாம், படிக்கட்டு ஏறியே உயிர் போயிடும்.

கசகசா

கருவாடு நல்லா கட்டுனா போயிடும், காசிமேட்லேந்து வாங்கி மூணு கவர் போட்டு சுத்தி செக்-இன் பெட்டில வைங்க. ஆனா அம்மா அன்போட அரைச்சுக் குடுக்குற மசாலால கசகசா இருக்கான்னு கேளுங்க. துபாய்லயும் சிங்கப்பூர்லயும் அது போதைப் பொருள் கணக்கு, வேலைக்குப் போறவன் கேஸ்ல உக்காருவான். கொப்பரைத் தேங்காய் செக்-இன்ல விட மாட்டாங்க, எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்கும். பவர் பேங்க் கைப்பைலதான்.

வேன் நெறைய ஆளு

உள்ள உங்க ஒருத்தர மட்டும்தான் விடுவாங்க.

பேரு கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கிறது

கூப்பிட மாட்டாங்க, ஸ்க்ரீனப் பாருங்க.

வந்து எறங்குனப்புறம்

ஆப்ல புக் பண்ணுன கேப் டெர்மினல் வாசலுக்கு வராது, மல்டிலெவல் கார் பார்க்கிங்குக்கு நீங்கதான் பெட்டிய தள்ளிக்கிட்டு போவணும். இது தெரியாம வாசல்லயே நின்னு "எங்கண்ணா இருக்கீங்க, நான் இங்கதான் இருக்கேன்"னு டிரைவரோட இருபது நிமிஷம் சண்ட போட்டு, அவரு கேன்சல் பண்ணிட்டுப் போனப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு திருவொற்றியூர்னு சொன்னா அடுத்த டிரைவர் "அவ்ளோ தூரமா"ன்னு யோசிப்பாரு. மூணு மணிக்குள்ள எறங்குனா வேற வழியில்ல, கேப்தான். மூணரைக்கு மேல எறங்குனேன்னா இமிகிரேஷன், பெட்டின்னு நாலரை ஆயிடும், ஒரு டீய குடிச்சிட்டு மொத மெட்ரோல வந்துடுவேன். 50 ரூபாய்ல காலடிப்பேட்டை.