முதல் வெளிநாட்டு டிசைன் ஒர்க்‌ஷாப்: போஸ்டர் பார்த்ததிலிருந்து ஊர் திரும்பும் வரை

கல்லூரியில் ஜூரி, அதாவது ஆசிரியர்கள் முன் டிசைனை வைத்து விளக்கும் நாள், முடிந்த இரவு. கண் எரிச்சலோடு போனைத் தள்ளிக்கொண்டே போகும்போது ஒரு போஸ்டர் வரும். புல்வெளி நடுவே ஒரு மரக் கோபுரம், அதன்மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிரிக்கும் பத்துப் பேர். கீழே கடைசித் தேதி. சேமித்து வைப்போம், அப்புறம் மறந்துபோவோம்.

அப்படி ஒரு போஸ்டரைப் பார்த்துத்தான் பி.ஆர்க் (கட்டடக்கலைப் படிப்பு) நான்காம் ஆண்டில் நான் விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அதே ஒர்க்‌ஷாப்புக்குக் கிடைத்தது. இரண்டு விண்ணப்பங்களுக்கும் நடுவில் என் போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) மாறியது மூன்றே பக்கம். அது என்ன என்பதை மூன்றாவது படியில் சொல்கிறேன். முதலிலிருந்து வருவோம்.

படி 1: எந்த மாதிரி ஒர்க்‌ஷாப் என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ‘டிசைன் ஒர்க்‌ஷாப்’ என்றுதான் பெயர். உள்ளே நடப்பது வேறு வேறு.

கையால் கட்டுவது ஒரு வகை. ஹங்கேரியில் 2010 இல் தொடங்கிய ஹலோ வுட் இந்த வகை. மரம்தான் அங்கே முக்கியப் பொருள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிரையன் மெக்கே-லயன்ஸ் தன் பண்ணை நிலத்தில் 1994 இல் ஆரம்பித்த ‘கோஸ்ட்’ இதற்கு ஒரு முன்னோடி. ஒரு வாரம் வரைவது, அடுத்த வாரம் கட்டுவது, அவ்வளவுதான் திட்டம். அது இப்போது நடப்பதில்லை, ஆனால் பிற்பாடு வந்த பல ஒர்க்‌ஷாப்புகளில் அதன் சாயல் தெரியும்.

இரண்டாவது வகையில் பொருளோடு விளையாடலாம். பிரான்ஸின் புவாபுஷே பண்ணையில் கோடைதோறும் ஒரு வார ஒர்க்‌ஷாப்புகள் நடக்கின்றன. வித்ரா டிசைன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான அலெக்ஸாண்டர் ஃபான் ஃபெகெஸாக் உருவாக்கிய இடம் அது. மூங்கிலுக்குப் பேர்போன சீமோன் வெலஸ், காகிதக் குழாய்க்குப் பேர்போன ஷிகெரு பான் இருவரின் கட்டடங்களும் அந்த வளாகத்திலேயே நிற்கின்றன. மூங்கிலும் குழாயும் சேரும் இணைப்பைப் படத்தில் பார்த்ததோடு நிற்காமல் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவது வகை, பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து வரைவது. ஆஸ்திரேலியாவில் 2001 இல் தொடங்கிய, அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் கிளென் மர்கட்டின் மாஸ்டர் கிளாஸ் அப்படிப்பட்டது. கட்டணமும் விமானச் செலவும் அதிகம். கொஞ்ச வருடம் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஊரையே படிப்பது இன்னொரு வகை. இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஜியான்கார்லோ டி கார்லோ 1970களில் உர்பினோ நகரில் தொடங்கிய இலாவ்ட் பள்ளியின் வழி அது: நடப்பது, பேசுவது, படம் போடுவது, மறுபடி நடப்பது. கட்டுமானத்தைவிட நகரத் திட்டத்தில் ஆர்வம் இருப்பவர்கள் இந்தப் பக்கம் தேடுங்கள்.

ஈசாவை (EASA) பற்றியும் கேட்பீர்கள். ஐரோப்பிய கட்டடக்கலை மாணவர்கள் தாங்களே நடத்தும் இரண்டு வாரக் கூடல் அது. முதலாவது 1981 இல் லிவர்பூலில் நடந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் பிரதிநிதிகள் உண்டு, அவர்கள் வழியாகத்தான் இடம் கிடைக்கும். ஐரோப்பாவில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் ஒர்க்‌ஷாப்பை வீட்டுக்குப் பக்கத்தில் முடியுங்கள்

சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் நேராக வெளிநாட்டுக்குத் தாவ வேண்டியதில்லை. 1989 இல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் நமக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் சுடாத கல், அதை வைத்து ஆர்ச் (வளைவு), வால்ட் (வளைகூரை), டோம் (குவிமாடம்) கட்டுவது என்று அங்கே பயிற்சி உண்டு. எகிப்தின் நூபியர்கள் கட்டியதுபோல சென்ட்ரிங் பலகையே இல்லாமல் வளைகூரை எழுப்பும் முறையைக் கையால் செய்து பார்க்கலாம். பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுப்பவர் வேறு நாட்டுக்காரராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆக, பாஸ்போர்ட் இல்லாமலே சர்வதேச ஒர்க்‌ஷாப்.

கல்லூரியில் நாசா இருக்கிறதல்லவா? ராக்கெட் விடுகிற நாசா இல்லை, 1957 முதல் இயங்கும் நம் கட்டடக்கலை மாணவர் சங்கம். அதன் மாநாடுகளில் நடக்கும் குட்டி ஒர்க்‌ஷாப்புகளும் கணக்கில் சேர்த்திதான்.

படி 3: போர்ட்ஃபோலியோ

முதல் வருடம் நான் அனுப்பியது இருபத்தெட்டுப் பக்கம். எல்லாம் ரெண்டர், கம்ப்யூட்டரில் செய்த படங்கள். சாயங்கால வெளிச்சம், கண்ணாடிச் சுவர், பறக்கும் பறவைகள். என்னோடு விண்ணப்பித்த மற்றவர்களும் அதே பறவைகளைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவர் மழையில் சரிந்திருந்ததை எடுத்துக் கட்டினார்கள். வேலை இல்லாமல் சும்மா இருந்ததால் மேஸ்திரிக்கு எடுபிடியாகச் சேர்ந்துகொண்டேன். எட்டு நாள். “ஆர்க்கிடெக்ட் பாப்பா, கலவையத் தள்ளும்மா” என்று கூப்பிட்டே வேலை வாங்கினார். நூல் கட்டுவது, தூக்குக்குண்டு விடுவது, மூலைமட்டம் பார்ப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். நான் வைத்த முதல் கல் வரிசையை அவர் பிரித்துப்போட்டதையும் சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அடுத்த வருடம் சேர்த்த மூன்று பக்கமும் அவைதான். தேர்வான பிறகு ஒரு ட்யூட்டர் (அங்கே சொல்லிக்கொடுப்பவர்) என்னிடம் கேட்டதும் அந்தச் சுவரைப் பற்றித்தான். என் தீசிஸைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை.

கட்டும் ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களுக்கு வேண்டியது, பொருளைத் தொட்ட ஆள், மற்றவரோடு வேலை செய்யத் தெரிந்த ஆள். ஆகவே:

பத்திலிருந்து பன்னிரண்டு பக்கம் போதும். கையால் செய்தது எதுவோ அது முதல் மூன்று பக்கத்துக்குள் வரட்டும். மாடல், நாற்காலி, கோயில் திருவிழாப் பந்தல், எதுவானாலும் சரி. குழு வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி எழுதுங்கள். ஸ்கெட்ச் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம், அழுக்கோடு இருந்தால் இன்னும் நல்லது. பிடிஎஃப் அளவு அவர்கள் சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லை தாண்டினால் சில தளங்கள் ஏற்றவே விடாது, அதுவும் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்குத்தான் தெரியவரும்.

படி 4: ஏன் வர விரும்புகிறேன் என்ற கடிதம்

‘சிறுவயதிலிருந்தே கட்டடக்கலை என் கனவு’ என்ற வரியை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். மூன்று விஷயம் எழுதினால் போதும். இந்த வருடத் தலைப்பில் உங்களை இழுத்தது எது. உங்களுக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலை எது. தெரியாத, அங்கே கற்க விரும்பும் ஒன்று எது. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஏஐ எழுதிக்கொடுத்த ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் தடுமாறும் உங்கள் ஆங்கிலமே மேல் என்பது என் கட்சி.

படி 5: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

நல்ல ஒர்க்‌ஷாப்பும் உண்டு, பெரிய பெயரைப் போஸ்டரில் போட்டுக் காசு பார்க்கிற ஒர்க்‌ஷாப்பும் உண்டு. மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள். கட்டணத்தில் தங்குமிடம், சாப்பாடு, பொருள் செலவு எல்லாம் சேர்த்தியா? போஸ்டரில் இருக்கும் பெரியவர் எத்தனை நாள் கூட இருப்பார்? (ஒரே ஒரு மாலைச் சொற்பொழிவுக்கு மட்டும் வருகிறவரும் உண்டு.) விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். முந்தைய வருடங்களில் கட்டியவற்றின் படங்களையும் தேடிப் பாருங்கள். கட்டி முடித்த படம் ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டால் யோசிக்க வேண்டியதுதான்.

உதவித்தொகை இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். சமையலறையில் கைகொடுத்தால் கட்டணத்தில் சலுகை தரும் இடங்களும் இருக்கின்றன.

படி 6: விசா

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் குறுகிய கால விசா. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் 15 நாளை நம்பி இருக்காதீர்கள். கோடைக்கு முன் சந்திப்புத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. தேர்வுக் கடிதம் வந்த அன்றே தேதி பிடித்துவிடுங்கள்.

கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. படிப்பு அல்லது பயிற்சிக்காகப் போகும் மாணவர்களுக்குக் கட்டண விலக்கு ஷெங்கன் விதியிலேயே இருக்கிறது. உங்கள் ஒர்க்‌ஷாப் அதில் வருமா என்று தூதரகத்திடம் கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். பாஸ்போர்ட், திரும்பி வரும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். மாணவர் என்றால் கல்லூரியின் போனஃபைட் (மாணவர் என்ற சான்றிதழ்), வேலையில் இருந்தால் அலுவலக விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும் தயாராக இருக்கட்டும்.

நமக்கென்றே ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். விண்ணப்பப் படிவத்தில் நான் கல்லூரியில் எழுதுவதுபோல இனிஷியலோடு பெயர் போட்டேன். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக இருந்தது. அழைப்புக் கடிதம் இனிஷியலோடு வந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் ஒரு வாரம் போயிற்று. தப்பு முழுக்க என்னுடையதுதான். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட் எண், தேதிகள், தங்கும் இடம், செலவு யாருடையது என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

படி 7: மூட்டை கட்டுவது

கெட்டியான ஷூ, கையுறை, மழைக்கோட்டு, அளவு டேப், இரண்டு பேனா, ஒரு நோட்டு. கட்டர் கத்தி செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே அம்மா தரும் நெய்க்கும் பால்கோவாவுக்கும் அன்போடு வேண்டாம் சொல்லுங்கள். பருப்புப்பொடிக்குத் தடையில்லை. மூன்றாம் நாள் இரவு வெறும் ரொட்டியும் சூப்பும் வரும்போது அது தெய்வமாகத் தெரியும்.

படி 8: அங்கே போனதும்

முதல் நாள் எல்லோரும் நல்லவர்கள். இரண்டாம் நாள் எல்லோரிடமும் யோசனை இருக்கும். மூன்றாம் நாள் சண்டை வரும். அது வழக்கம்தான், பயப்படாதீர்கள். எங்கள் குழுவில் ஏழு பேர், ஐந்து மொழி. ஏரிக்கரையில் ஒரு மர மேடை போட வேண்டும். மேடைக்குக் கூரை வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே ஒன்றரை நாள் போனது. வாயால் வாதாடிக்கொண்டே இருந்தால் ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்தான் ஜெயிப்பார். அதனால் வரையுங்கள். தாள் வேண்டாம், மண்ணில் குச்சியால் கீறுங்கள், முழு அளவில் கயிறு கட்டிக் காட்டுங்கள். எங்களில் அதிகம் பேசாத ஒருவர் நான்கு கழிகளை நட்டு, நடுவில் போய்ப் படுத்துக் காட்டினார். படுத்தால் கூரைதான் கண்ணில் பட்டது, வானம் தெரியவில்லை. கூரை போயிற்று, சண்டையும் முடிந்தது.

நான்காம் நாள் கால்களை நட்டுச் சட்டம் அடித்தோம். ஏறி நின்றால் மொத்த மேடையும் தொட்டில் போல ஆடியது. வெறும் செவ்வகச் சட்டம் பக்கவாட்டில் சாயத்தான் செய்யும். குறுக்கே ஒரு சாய்வுக் கட்டை போட்டு முக்கோணமாக்கினால்தான் நிற்கும். ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் எழுதித் தேறிய பாடம்தான். ஆனால் ஏழு பேரில் ஒருவருக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் மாடல் ஆடாது, பாருங்கள்.

மட்டம் பார்க்கும்போதுதான் எனக்கு நல்ல நேரம் வந்தது. நல்ல வெயில். லேசர் மட்டத்தின் சிவப்புக் கோடு வெளிச்சத்தில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வரை காத்திருக்கலாம் என்றார்கள். நான் சமையலறைக்குப் போய், நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழியைத் தட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் இரண்டு கால்களில் பிடிக்கச் சொன்னேன். டியூப் லெவல், நம்மூர் மேஸ்திரி கையில் எப்போதும் இருப்பது. அப்புறம் டேப்பை எடுத்து மூன்றடி, நான்கடி, குறுக்கே ஐந்தடி என்று மூலைமட்டம் வைத்தேன். அங்கே யாருக்கும் அடி தெரியாது; மூன்று, நான்கு, ஐந்து தெரிந்தால் போதும். அன்றிலிருந்து மட்டம் பார்ப்பது என் வேலை ஆயிற்று. பெயரைச் சொல்ல வராதவர்கள் ‘டியூப்’ என்றே கூப்பிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. தெரியாத மின்கருவியை வீம்புக்காக எடுக்காதீர்கள். சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள், கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் ரம்பத்தைத் தொடவே வேண்டாம்.

படி 9: திரும்பி வந்ததும்

ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்: எந்த இணைப்பு, என்ன ஸ்க்ரூ, எத்தனை மணி நேரம், எது ஆடியது. ஆறு மாதம் கழித்துச் சூரிய அஸ்தமனப் படம் மட்டும்தான் மிஞ்சும். குழு வேலை என்பதால் போர்ட்ஃபோலியோவில் எல்லோர் பெயரும் வரட்டும். ட்யூட்டர்களுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். எனக்கு முதல் வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தவர் அப்படித் தொடர்பில் இருந்த ட்யூட்டர்தான்.

நான் ஊர் திரும்பியதும் மேடைப் படத்தை மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது: “எல்லாஞ் சரிதான் பாப்பா, அந்த எடது பக்கக் காலு கொஞ்சம் எறங்கியிருக்கே, பாத்தியா?”